அரிசி டின்னில் இருந்த பத்துத் தோட்டா

1979 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். பத்து.

இரண்டு தடவை எண்ணிவிட்டேன், அத்தான். அட்டைப்பெட்டியில் பத்துக் குழி, பத்திலும் பித்தளை மினுங்குகிறது. நீங்கள் ரைஃபிளோடு வாங்கிய பத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. புது அரிசி மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் டின்னைக் கவிழ்த்து வெயிலில் காயவைக்கச் சொன்னாள் அக்கா. கவிழ்த்தேன். அடி அரிசியோடும், வண்டு வராமலிருக்கப் போட்ட காய்ந்த மிளகாயோடும் சேர்ந்து, செய்தித்தாளில் சுற்றிய பெட்டி ஒன்று வந்து விழுந்தது. பிரித்ததும் அந்த வாசனை. துப்பாக்கி எண்ணெயும் பித்தளையும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் முன்னறையில் பழைய பனியனைக் கிழித்து வைத்துக்கொண்டு ரைஃபிளைத் துடைக்கும்போது வீடு முழுக்க அடிக்குமே, அதே வாசனை. இப்போது அதில் மிளகாய் நெடி கலந்திருக்கிறது. தும்மினேன். வேறொன்றும் தோன்றவில்லை.

தும்மி முடித்தபிறகுதான் மண்டையில் ஏறியது. அப்படியானால் உங்கள் ரைஃபிள் காலி. அன்றைக்கு மட்டுமல்ல, வாங்கிய நாளிலிருந்தே காலி.

உங்களுக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று இப்போது கேட்கமாட்டேன். காரணம் இருந்தது. பூமியைத் துளைத்துக் கீழே என்ன தாது இருக்கிறது என்று பார்க்கும் அரசாங்கக் கம்பெனியில் வேலை. திங்கட்கிழமை காலையில் கேம்ப்புக்குப் போனால் சனிக்கிழமை திரும்புவீர்கள். செகந்திராபாத் ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி ஜீப். வழியெல்லாம் புதரும் பாறையும். உங்கள் கேம்ப் சர்வேயர் ஒருவரை அந்த ரோட்டில் கல்லை உருட்டி மறித்து, அடித்து, போட்டிருந்த சட்டைவரை உருவிக்கொண்டு விட்டார்கள். அந்த மனிதர் பனியனோடு கேம்ப்புக்கு நடந்து வந்ததைப் பார்த்த அன்றே நீங்கள் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டீர்கள்.

ரைஃபிள் வீட்டுக்கு வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் சொன்னேன். நயமாகச் சொல்ல எனக்கு வராது.

"இத வண்டியில வச்சுக்கிட்டுப் போறது மடத்தனம், அத்தான்."

"ஏம் மாப்ளே?"

"மறிக்கிறவன் ஏற்கெனவே கையில கல்லோட நிப்பான். உங்க துப்பாக்கி ஸீட்டுக்குப் பின்னால தொங்கும். யாருக்கு முதல் சான்ஸ்?"

"சுடப்போறேன்னு யாரு சொன்னா? பாம்பு கொத்த வேண்டாம் மாப்ளே, சீறுனா போதும். இருக்குன்னு தெரிஞ்சாலே ஒதுங்கிப் போயிருவான்."

"சீறுத பாம்பத்தான் கம்பெடுத்து அடிப்பான்."

அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சோறு திங்குத நேரத்துல பாம்பு என்னல, பாம்பு" என்றாள். நீங்கள் அவளைப் பார்த்துச் சொன்னீர்கள்: "ஒந்தம்பி டெஸ்டிங் செக்‌ஷன்லல்லா இருக்கான்? எதையாவது ஃபெயில் போட்டாத்தான் அவனுக்குச் சோறு இறங்கும்."

உண்மைதான். ஃபேக்டரியில் எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

அடுத்த வாரம் அக்கா ரைஃபிளுக்கு உறை தைத்துவிட்டாள். நம் வீட்டில் உறை போடாத சாமான் கிடையாது. ரேடியோவுக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, சூட்கேஸுக்கு உறை. ஹைதராபாத் ஓரத்தில் இந்தக் குஷாய்குடாவில் நம்மைப்போல் சம்பளத்துக்கு வந்து குடியேறிய எல்லாத் தமிழ் வீட்டிலும் இதே கதைதான். வாழ்நாளில் ஒருமுறைதான் வாங்கப்போகிறோம், தூசி படக்கூடாது. ரேடியோவுக்குத் தைத்ததில் மிச்சமிருந்த துணி, நீலத்தில் மஞ்சள் பூப்போட்டது, ரைஃபிளுக்கு அளவாக இருந்தது. உங்கள் கல்யாணக் கோட்டு பூச்சி அரித்துப் போயிருந்ததே, அதன் பித்தான்களை வெட்டி வரிசையாக வைத்துத் தைத்திருந்தாள். கொல்ல வரும் ஒருவனை எதிர்த்து நிற்பதற்கான ஆயுதம், பார்ப்பதற்குத் திண்டுத் தலையணை மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நான் சோதனை வைத்தேன், நினைவிருக்கிறதா? நீங்கள் ஜீப்பில் உட்கார வேண்டும். நான் திருடன். கேட்டிலிருந்து வருவேன். நான் வந்து சேர்வதற்குள் ரைஃபிளை எடுத்துக் காட்ட வேண்டும். நான் ஓடக்கூட இல்லை, நடந்துதான் வந்தேன். சாவியை உருவி உங்கள் மூக்குக்கு நேரே ஆட்டினேன். நீங்கள் மூன்றாவது பித்தானில் இருந்தீர்கள். அக்கா சிரித்த சிரிப்பில் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நீங்களும் சிரித்தீர்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. "டிசைனே ஃபெயில்" என்றேன்.

ஃபெயிலான சாமானை எங்கள் ஃபேக்டரியில் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். நீங்கள் திங்கட்கிழமை காலையில் அதை, உறையோடு, எல்லாப் பித்தானையும் மாட்டி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அது. சோதித்துப் பார்க்கச் சம்மதித்த மனிதர், முடிவை மட்டும் ஏற்கமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?

ஒருதடவை உங்களோடு கேம்ப்புக்கு வந்தேன். பாதி வழியில், ரோடு பிரிகிற இடத்தில் ஒரு டீக்கடை. ஜீப் நின்றதும் கடைக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "துபாகி சாரு ஒச்சாரு!" துப்பாக்கி சார் வந்துவிட்டார் என்று. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நீங்கள் உறையின் முனையைக் கொஞ்சம் விலக்கி, குழாய் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு இறங்கினீர்கள். மீசையைத் தடவவில்லை, அது ஒன்றுதான் குறை.

"ரோடு பூராவும் தெரியும்போல இருக்கே, அத்தான்."

"தெரியட்டும் மாப்ளே. அதுதான வேணும்."

தெரிந்தது. தெரிய வேண்டாதவர்களுக்கும் தெரிந்தது.

ஜனவரியில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், நல்ல வெளிச்சத்தில், அதே டீக்கடைக்கு எதிரே இரண்டுபேர் உங்கள் ஜீப்பின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். நான் ஜீப்பை எடுத்துவரப் போனபோது கடைக்காரர் கையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். "துபாகி கோசமே ஒச்சாரு, சார்." துப்பாக்கிக்காகவேதான் வந்தார்கள். கொடு என்றார்கள். ஒருவன் கையில் லாரி ஜாக்கியின் கம்பி இருந்தது. ஆனால் அதை அவன் கீழே பார்க்கத்தான் பிடித்திருந்தான். கொடுத்திருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று கடைக்காரர் நினைக்கிறார். நீங்கள் பின்னால் கையை விட்டு, பூப்போட்ட உறையோடு அதை இழுத்து, அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினீர்கள். அப்போதுதான் கம்பி மேலே போனது.

உங்கள் கைக்கடிகாரம், மோதிரம், பர்ஸ் எல்லாம் ஆஸ்பத்திரியில் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். உங்களிடமிருந்து யாரும் எதையும் திருடவில்லை, ரைஃபிளைத் தவிர. எதைக் காப்பாற்ற அதை வாங்கினீர்களோ அதெல்லாம் பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டது. உறைகூட வந்துவிட்டது. கொஞ்சதூரம் தள்ளி ஒரு மதகுச் சுவரின்மேல் கிடந்ததாம். ஒரு பித்தான்கூட அறுபடவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது.

அன்றிலிருந்து இங்கே ஒரே பேச்சு. பதினாறாம் நாள் காரியத்தில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே, "கைக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கணும்" என்றார் ஒருவர். "உறை போட்டதுதான் தப்பு" என்றார் இன்னொருவர். மூன்றுபேர் லைசென்ஸுக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டார்கள். துப்பாக்கிக்காக ஒருவர் செத்தால் அதிலிருந்து இவர்கள் கற்றுக்கொண்டது, ஆளுக்கொரு துப்பாக்கி. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற செல்வராஜ், என் செக்‌ஷன்காரன், உங்களுக்குத் தெரியும். நாளைக்கு நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு உங்கள் கேம்ப் அறையைக் காலி செய்யப் போகிறேன் என்றதும் நேற்று ஓடிவந்தான்.

"வெறுங்கையோடயா? நக்கோ பாய், வேணாம். எங்க மாமாவோட டபுள் பேரல் சும்மாதான் கெடக்கு. லோட் பண்ணி மடிமேலயே வச்சுக்க. ஹவ், ஆமா, மடிமேல. அத்தான் மாதிரி பின்னால போடாத."

"அடுத்தவன் லைசென்ஸ்ல இருக்கறத நான் தூக்கிட்டுப் போனா என்னை உள்ள போடுவான், தெரியுமா?"

"கைக்கு, எதுக்கு இவ்ளோ ரூல் பேசறே? உயிரோட இருந்தாத்தானே உள்ள போடுவான்!"

அக்கா கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று காலையில் டின்னைக் கவிழ்க்கச் சொன்னாள். வேண்டுமென்றேதான் சொல்லியிருக்கிறாள்.

துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவள் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "பாத்துட்டியா?" என்றாள். போலீஸ்காரர்கள் கேட்டபோது தெரியாது என்றவள். தோட்டாவும் ரைஃபிளோடு போய்விட்டது என்று அவர்களும் எழுதிக்கொண்டு போனார்கள்.

"தோட்டா வண்டியில போச்சுன்னா நான் பாப்பாவத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிருவேன்னு அவுககிட்ட சொன்னேன். சண்டை போடுவாகன்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டே எடுத்து என் கையில குடுத்தாக. எனக்குச் சத்தம் எதுக்கு, தோரணை போதும்னாக."

பிறகு கேட்டாள். "நான் குடுத்தனுப்பியிருந்தா அவுக இருந்திருப்பாகல்லா?"

இரண்டு மாதமாக, வருகிறவர் போகிறவர் எல்லாம் 'நேரம் கிடைத்திருந்தால் சுட்டிருப்பார்' என்று சொல்லச் சொல்ல, இவள் ஒவ்வொருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்திருக்கிறாள், அத்தான். இந்த டின்னிலிருந்துதான் தினமும் அரிசி அளந்து உலை வைத்திருக்கிறாள். அதை நினைத்தால் உங்கள்மேல் எனக்கு இரக்கம் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் தோரணை காட்டினீர்கள். அதற்கான கூலியை அவள் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியை என் பக்கமாகத் தள்ளினாள். "நாளைக்கு செல்வராஜ் தார துப்பாக்கிய வாங்கிட்டுப் போ. இதையும் கொண்டு போ."

"இது அதுல நுழையாதுக்கா. அதோட குழாய் அளவு வேற, இதோட அளவு வேற."

"நுழையாட்டி என்னல? இருக்குன்னு வச்சுக்கோ."

இருக்குன்னு வச்சுக்கோ. உங்கள் குரலேதான், அத்தான். துப்பாக்கியில் நுழையாத தோட்டாவை எனக்குக் காவலாக அனுப்பப் பார்க்கிறாள். நீங்கள் தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கொண்டுபோன மாதிரி.

இதுவரை நான் அந்த உறையின்மேல்தான் கோபமாக இருந்தேன். பித்தான் இல்லாமலிருந்தால், கை எட்டியிருந்தால் என்று நானும் மனசுக்குள் கணக்குப் போட்டதுண்டு. இந்தப் பத்தும் என் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டன. உங்கள் திட்டம் தோற்கவில்லை. நீங்கள் சொன்னது சொன்னபடி நடந்தது. சீறினீர்கள். எதிரே நின்றவன் நம்பினான். உள்ளே குண்டு இருக்கிறது, இப்போது வெடிக்கும் என்று முழுசாக நம்பினான். நம்பியவன் ஒதுங்கவில்லை, அடித்தான். ஒதுங்குவதற்கு நீங்கள் அவனுக்கு இடம் எங்கே வைத்தீர்கள்? காலித் துப்பாக்கி என்பது உங்களுக்கும் அக்காவுக்கும் அரிசி டின்னுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நெஞ்சுக்கு நேரே குழாயைப் பார்க்கிறவனுக்கு எல்லாத் துப்பாக்கியும் நிரம்பியதுதான்.

இதையெல்லாம் நேரில் சொல்லியிருந்தால், "நீ சொல்லுதது கணக்குக்குச் சரி மாப்ளே, ரோட்டுக்குச் சரிவராது" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோயிருப்பீர்கள். இப்போது எழுந்துபோக உங்களால் முடியாது. அதற்காக எனக்குச் சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ரைஃபிள் போய்விட்டது, ஆனால் உங்கள் ஜீப்பிலிருந்து அது இறங்கவில்லை. அந்த ரோடு பூராவும் அது இன்னும் துபாகி ஜீப்புதான். நாளைக்கு நான் எதையும் ஏற்றாமல் போனாலும், பார்க்கிறவன் கண்ணுக்கு ஸீட்டுக்குப் பின்னால் ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் எனக்கு விட்டுப்போனது இதுதான். ஆகவே, செய்யப்போவதை எழுதிவைக்கிறேன்.

1. பத்துத் தோட்டாவையும் இன்று மதியத்துக்குள் ஸ்டேஷனில் ஒப்படைப்பேன். எங்கே இருந்தது என்பார்கள். அரிசி டின்னில் என்பேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

2. செல்வராஜுக்குப் பதில், அவன் பாஷையிலேயே: நக்கோ.

3. ஸீட்டுக்குப் பின்னால் நீங்கள் அடித்துவைத்த இரண்டு கொக்கிகளையும் சாயங்காலம் ரம்பம் போட்டு அறுத்து எடுப்பேன்.

4. ஜீப்பின் கான்வாஸ் கூரையையும் பக்கத் திரைகளையும் கழற்றிவிட்டு, திறந்த வண்டியாக ஓட்டிப்போவேன். அதே டீக்கடைக்கு எதிரே நிறுத்தி டீ குடிப்பேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று ரோடு பார்க்கட்டும். வெயில் மண்டையைப் பிளக்கும். பிளக்கட்டும்.

5. இதற்கெல்லாம் முன்னால், இந்தப் பேனாவை மூடிவிட்டு அடுப்படிக்குப் போவேன். அக்காவிடம் சொல்வேன்: பத்துத் தோட்டாவும் உள்ளே இருந்திருந்தாலும் அத்தான் மூன்றாவது பித்தானில்தான் இருந்திருப்பார், நீதான் பார்த்தாயே, படியில் உட்கார்ந்து சிரித்தாயே. நம்பினால் சரி. நம்பாவிட்டால், நாளைக்குத் திரும்பி வந்து மறுபடியும் சொல்வேன்.