ஹேமாவின் ஜாமெட்ரி பாக்ஸ்

ஜூன் 14, சனி. திருப்பதி.

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

பிள்ளைகளுக்கு ஊக்கமருந்து கொடுக்காதீர்கள் என்று இன்று பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தேன். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதக்கம் வந்தால் மாலை இவர்களுக்கு, மாட்டினால் தடை அந்தப் பிள்ளைக்கு. எரிச்சலில் ஸ்லைடை அணைத்துவிட்டு, நகரியிலிருந்து வந்த முனிரத்தினம் சாரை முன்னால் கூப்பிட்டேன்.

"நான் கோச். நீங்க பதினாறு வயசுப் பொண்ணு. இந்தாங்க சார்."

நான் நீட்டிய வெள்ளை வில்லையை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னான்னு கேக்காமலே துன்னுட்டியே நைனா!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கொடுத்தது வெறும் பெப்பர்மிண்ட்.

முனிரத்தினம் சார் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க ஹேமாவும் இப்படித்தான் மேடம் வாங்கிக்குவா" என்றார். அவரிடம் பயிற்சி எடுத்து நானூறு மீட்டர் ஓடுகிறவள். ஒரு மாதமாக இவர் கொடுக்கும் மாத்திரையில்தான் அவளுக்கு வேகம் கூடியதாம். நான் திட்ட வாயெடுப்பதற்குள் அவரே அவளுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில், எல்லார் முன்னாலும்.

"ஹேமா, அந்த மாத்திரைய இனிமே போடாதம்மா. தப்பு என்னுது."

"நான் ஒண்ணுகூடப் போடல சார். பேரே இல்லாத மாத்திரைய எப்படிப் போடறது? எல்லாம் ஜாமெட்ரி பாக்ஸ்லதான் இருக்குது."

"அப்ப அந்த வேகம்?"

"நான் ஓடினது சார். பின்ன நீங்களா ஓடினீங்க?"