முருகேசனின் பாஸ்போர்ட்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது உரிமை மீறல். சட்ட இதழுக்கு நான் எழுதும் கட்டுரை அதைப் பற்றித்தான். பிரிக்பீல்ட்ஸில் என் அண்ணன் சாப்பாட்டுக் கடையிலேயே அதுதான் வழக்கம். ஒரு வாரம் சண்டை போட்டு, இன்று காலை எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்க வைத்தேன்.

சாயந்திரமே, கடையில் ரொட்டி சானாய், அதாவது நம்மூர் பரோட்டா மாதிரி, போடும் முருகேசன் என் வீட்டு வாசலில் நின்றார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவர். கையில் பாஸ்போர்ட்.

"அக்கா, ரூம்ல பத்து பேரு இருக்கோம். இது தொலைஞ்சா என் கதி அம்போதான். நீங்களே வச்சிருங்க."

நகை வைத்திருந்த சின்ன இரும்புப் பெட்டியைக் காலி செய்து, அதில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்தேன்.

விஷயம் தெரிந்து அண்ணன் போனில் சிரித்தார். "நான் வச்சா தப்பு, நீ வச்சா சரியா? நல்லா இருக்கு லா உன் சட்டம்."

"சாவி யாருகிட்ட இருக்குண்ணே? எப்ப வேணும்னாலும் அவரே எடுத்துக்கலாம். அதான் வித்தியாசம்."

அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போய், அதையே கட்டுரையின் கடைசி வரியாகவும் எழுதிவிட்டேன்.

கதவைப் பூட்டிவிட்டு வரும்போதுதான் உறைத்தது. பெட்டிச் சாவி முருகேசனிடம் இருக்கிறது, சரி. வீட்டுச் சாவி என்னிடம்தானே இருக்கிறது?