கற்களுக்கு வடக்கே

வெள்ளவத்தை
02.06.2024

அன்பின் கௌரிக்கு,

நாங்கள் நலம். உன் சுகமும் பிள்ளைகளின் சுகமும் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு இருந்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருந்த கடற்கரை போய்விட்டது. தண்டவாளத்தைக் காக்கப் பாறாங்கற்களை அடுக்கிய பிறகு மண் நிற்பதில்லை. முன்பெல்லாம் மே மாதக் கடல் கொண்டுபோனதைத் தை மாதத்தில் திருப்பித் தந்துவிடும். இரண்டு வருடமாகத் தரவில்லை. ஏ.எல். சோதினை முடிந்த அன்று யூனிபோமோடு அங்கேதானே இறங்கினோம்? மழையில் நனைந்தோம் என்று உன் அம்மாவிடம் சொன்னோம். வெளியே வெயில் கொளுத்தியது. அவர் துவாயை எடுத்துத் தந்தார்.

என் மனுசன் நோபேட் பாரிசவாதம் வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபின், அந்த மண்ணில்தான் அவரைப் பிடித்து நடத்தினேன். விழுந்தாலும் மண்தானே என்ற தைரியம் அவருக்கு. இப்போது வீட்டை விட்டு இறங்கமாட்டேன் என்கிறார்.

கடலுக்குள் நீட்டி ஒரு கல்லணை கட்டினால் மண் சேருமாம். ஒழுங்கை வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். கடற்கரைப் பொறியியலாளரான நீயும் கையெழுத்துப் போட்டால் மதிப்பார்கள். மனு இத்துடன் இருக்கிறது.

உன்,
பேர்ணடெற்

மெல்பேர்ண்
20.06.2024

அன்புள்ள பேர்ணி,

நோபேட் அண்ணையின் செய்தி மனதை வருத்துகிறது.

அந்தக் கற்சுவரில் மோதித் திரும்புகிற அலை அடிமண்ணை அரித்துவிடும். கல்லணை மண்ணைச் சேர்க்கும் என்பதும் உண்மைதான். அங்கே தென்மேற்குப் பருவத்தில் மண் தெற்கிலிருந்து வடக்கே நகரும். குறுக்கே கல்லை நீட்டினால் உங்கள் பக்கம் தேங்கும். வடக்கே போகவேண்டிய மண் போகாது, அங்கே கரை அரிபட்டுப்போகும். மீன்பிடிகாரர் வள்ளம் ஏற்றுகிற கரை அந்தப் பக்கம்தானே?

உனக்குச் சொல்லாத ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், தெற்கே ஓர் ஊரில் இப்படி ஓர் அணைக்கு வரைபடம் கீறினேன். எனக்கு மாலை போட்டார்கள். அடுத்த பருவத்தில் அணைக்கு வடக்கே ஏழு வீடுகள் போயின. பார்க்கப் போனேன். ஒரு பெண் நின்றாள். அவளுடைய கிணறு கடலுக்குள் நின்றது. “நேற்றுவரை நல்ல தண்ணீர், மிஸ்” என்று சிங்களத்தில் சொன்னாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. அந்த வருடம்தான் நாட்டை விட்டேன். சண்டையால் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தீர்கள். நானும் திருத்தவில்லை.

வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டச் சொல்லிக் கேளுங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பவும் கொட்டவேண்டும்தான். இந்த மனுவில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. கோபிக்காதே.

கௌரி

வெள்ளவத்தை
14.07.2024

கௌரி,

உனக்கு அங்கே நடக்கக் கரை இருக்கிறது. என் மனுசன் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்பது வருடத்தில் உன்னிடம் ஒன்றுதான் கேட்டேன். மனு உன் பெயரில்லாமலே போகும்.

பேர்ணடெற்

வெள்ளவத்தை
26.01.2025

அன்பின் கௌரிக்கு,

பிறகு நீ போட்ட இரண்டு கடிதங்களையும் நேற்றுத்தான் உடைத்தேன். அந்தக் கிணற்றடிப் பெண்ணைப் பற்றி நீ எழுதியதற்கு அன்று நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அது பிழை.

ஓகஸ்டில் கையெழுத்துச் சேர்க்க வடக்கே வள்ளக் கரைக்குப் போனேன். ரொனி என்ற மீன்பிடிகாரர் மனுவை வாசித்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: “அக்கா, கல்லு போட்டா உங்கட பக்கம் மண் வரும். எங்கட வள்ளத்த நாங்க எங்க ஏத்துறது?” நீ எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டபோது வெட்கமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் உன் யூன் மாதக் கடிதத்தை வாசித்தேன், அந்த ஏழு வீடுகளையும் சேர்த்து. கேட்காமல் வாசித்ததற்கு மன்னித்துக்கொள். மேல்மாடி யோகராஜ், “அப்ப எங்கட ஒழுங்கை எப்பிடிப் போனாலும் பரவாயில்லையோ?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கல்லணை என்ற வரியை வெட்டிவிட்டு, மண் கொட்டச் சொல்லி மனுவைத் திருத்தினோம். ரொனியின் ஆட்களும் கையெழுத்துப் போட்டார்கள். பதில் வரவில்லை.

இந்தத் தை மாதம் கடல் தானாகக் கொஞ்சம் மண் தந்திருக்கிறது, கற்களுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அகலம். ரொனியும் இன்னொருவரும் நோபேட்டைக் கதிரையில் இருந்தபடியே தூக்கி இறக்கினார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிடச் சொன்னார்.

மே வந்தால் இதுவும் போய்விடும். மார்ச்சுக்குள் வா, கௌரி.

உன்,
பேர்ணி