குப்பி கைமாறும் நொடி

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் உடைந்தது. இயந்திரக் கை குப்பியைக் கவ்வி எடுக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் கிண்ணத்தில் வைக்கிறது, விடுவதற்கு முன்பே ‘டிக்’. மருந்துக் குப்பிகளை இடம் மாற்றும் இந்த இயந்திரம்தான் நான் முழுசாக வடிவமைத்த முதல் இயந்திரம். கணினியில் ஓட்டிப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. கையின் முடுக்கம் சீராக இருக்கிறது. கிண்ணத்தின் முடுக்கமும் அப்படியே. அப்புறம் என்ன கேடு இதற்கு?

துப்புரவு அக்காவைக் கேட்காமல் நான் எடுத்து வந்த துடைப்பம் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது.

மார்ச் 4, புதன்

“டிசைன்ல தப்பா, பொருத்தினதுல தப்பா?” என்றார் மேலாளர். நான் திரையைக் காட்டி, “டிசைன் சரியாத்தான் சார் இருக்கு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர், இயந்திரத்தைப் பொருத்திய ஃபிட்டர் பக்கம் திரும்பினார். “திங்கக்கிழமை வாங்குறவங்க வர்றாங்க. அவங்க முன்னாடி ஒண்ணு உடைஞ்சாலும் நீங்க வேற வேலை பாத்துக்கங்க.”

அந்த மனுஷன் ரப்பர் விரல்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓய்ந்துபோயிருக்கிறார். சாயங்காலம் என்னிடம், “நீங்க மேல ஸ்க்ரீன்ல ஓட்டுங்க மேடம். நான் கீழ கண்ணாடி பொறுக்கிக்கிறேன்” என்றார். சுருக்கென்றது.

மார்ச் 5

சோறு இறங்கவில்லை. நான் பொய் சொல்லவில்லையே — பின்னே ஏன் ஃபிட்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை?

மார்ச் 6, வெள்ளி

காலையிலேயே வீட்டுக்காரரோடு சண்டை. ஆபீஸ் வாசலில் என்னை இறக்கிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பியவர், சாப்பாட்டுப் பை ஞாபகம் வந்து, ஓட்டிக்கொண்டே நீட்டினார். நானும் கூடவே ஓடிப் பிடித்துவிட்டேன். பிடித்ததும் நான் நிற்கப் பார்க்க, அவர் வேகம் எடுக்க, பையை இரண்டு பேருமே விடவில்லை. காது அறுந்து சாப்பாடு ரோட்டில்.

“நான் மெதுவாத்தானே கிளம்பினேன்!”

“நானும் மெதுவாத்தானே நின்னேன்!”

இரண்டும் உண்மை. அட கடவுளே — இரண்டும் உண்மை!

படியேறி ஓடினேன். ஒரு பாகத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் மென்பொருள் தரையை வைத்துத்தான் முடுக்கத்தைக் கணக்கிடும். இத்தனை நாளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மக்கு. கையைத் தேர்ந்தெடுத்து, ஒப்பிட வேண்டிய பாகமாகக் கிண்ணத்தைக் கொடுத்தேன். குப்பி கைமாறும் இடத்தில் முடுக்கத்தின் கோடு ஒட்டகத் திமில் மாதிரி எழும்பி நிற்கிறது. கை வேகம் குறைக்கிற அதே நொடியில் கிண்ணம் வேகம் எடுக்கிறது. நடுவில் குப்பி.

மேலாளரிடம் போனேன். “தப்பு டிசைன்லதான் சார். என்னோடது.”

“அன்னிக்கு சரின்னீங்க?”

“தரைய வெச்சுப் பாத்தா சரி சார். குப்பி தரையிலயா நிக்குது?”

முறைத்தார். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

ஃபிட்டரிடமும் சொன்னேன். “சார்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 7, சனி

கை விட்ட பிறகுதான் கிண்ணம் வேகம் எடுக்கும்படி மாற்றினேன். திரையில் திமில் போய்விட்டது. கீழே ஓட்டினோம். ஃபிட்டர் துடைப்பத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை! சாயங்காலம் வரை ஒன்றும் உடையவில்லை.

மார்ச் 9, திங்கள்

வாங்குகிறவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஒரு குப்பியும் உடையவில்லை. ஆனாலும் அன்றைக்கு ‘சரி’ என்று சொன்னதற்காக, அடுத்த இயந்திரம் எனக்கில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். வலிக்கத்தான் செய்கிறது.

கிளம்பும் நேரம் துப்புரவு அக்கா வந்து சத்தம் போட்டார். “என் தொடப்பத்த யாரு தூக்கிட்டுப் போனது?”

ஃபிட்டர் கூசாமல் என்னைக் காட்டிக்கொடுத்தார். “மேடம்தாங்க்கா. எடுத்துட்டுப் போங்க, இங்க இனிமே வேலையில்ல அதுக்கு.”