செயின் கவரில் ஒரு வார்த்தை

ஆலங்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரெங்கராஜ் அண்ணனுக்கு,

அன்புமொழி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சிங்கப்பூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று தோன்றும். நீங்கள் "சொல்லு பாப்பா" என்று ஆரம்பித்ததுமே, சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையையும் சமையலையும் பேசி வைத்துவிடுகிறேன். நம் தெரு சோலையப்பன் புதன்கிழமை அங்கே கிளம்புகிறார். அவரிடம் முந்திரிப்பருப்பும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். பருப்பு அண்ணிக்கு. கடிதத்தை நீங்கள் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை. இந்த வருஷம் காய் சிறுத்துவிட்டது.

சைக்கிள் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் சைக்கிள்கள் வீட்டுக்கு வீடு மாட்டுக் கொட்டகையில் கோழி ஏறிக் கிடக்கின்றன. நானும் சந்தனமேரி டீச்சரும் கேட்டு வாங்கி வந்து, துரு தேய்த்து, டியூப், பிரேக் கட்டை மாற்றி, பெயிண்ட் அடிக்கிறோம். அரசாங்கம் பதினொன்றாம் வகுப்பில்தான் சைக்கிள் கொடுக்கிறது. அதற்குக் கீழே படித்து, தூரத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளுக்கு இது. "படிச்ச பொம்பளைங்க ரெண்டு பேரும் கிரீஸ அப்பிக்கிட்டு நிக்கிறீங்க, மருதாணி வச்சிருந்தாக்கூட இப்புடிச் செவந்திருக்காது" என்று அம்மா கேலி செய்கிறார். ஆனால் சாயங்காலம் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து கையைத் துடைத்துவிடுவதும் அவர்தான்.

டயரும் பெயிண்டும் நீங்கள் கொடுப்பது. அதற்கு நீங்கள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான், அப்பா பெயர். "அப்பா பேரு நம்ம ஊரு ரோட்டுல ஓடணும் பாப்பா" என்றீர்கள். போர்டு எழுதுகிற நல்லதம்பியைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னபடியே செயின் கவரில் எழுதச் சொன்னேன்: "உபயம்: அமரர் வீரய்யா நினைவாக மகன் ரெங்கராஜ், சிங்கப்பூர்." செயின் கவரில் எவ்வளவுதான் இடம் இருக்கும்? "பெரியவரு பேரு எட்ட நின்னு பாத்தாலும் தெரியணும்க்கா" என்று 'அமரர் வீரய்யா'வை மஞ்சளில் கொட்டை எழுத்தாக எழுதிவிட்டான். உங்கள் பெயர் எறும்பு மாதிரி ஆனது. சிங்கப்பூர் மட்கார்டுக்குப் போய்விட்டது. படம் அனுப்பினேனே, நீங்களும் எல்லோருக்கும் காட்டிச் சந்தோஷப்பட்டீர்கள்.

அந்தச் சைக்கிள்களில் ஒன்று சிவரஞ்சனிக்குப் போனது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், டீச்சர் வகுப்புதான். கறம்பக்குடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஊர், பஸ் கிடையாது. அவள் அப்பா தேங்காய் பறிக்கிறவர். அவர் இருந்தவரை மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். போன வருஷம் மரத்திலிருந்து விழுந்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதற்குப் பிறகு தைலமரக் காட்டு வழியாகப் பெண்ணைத் தனியாக நடக்கவிட அம்மா புவனேஸ்வரிக்குப் பயம். அதனால்தான் முதல் வண்டியே அவளுக்கு என்று வைத்தோம்.

அவள் ஒரு வாரம் ஓட்டினாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு ரொம்ப தூரம் முன்னாலேயே வண்டியை ரோட்டோரப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, மிச்ச தூரம் நடந்து வர ஆரம்பித்தாள். அரையாண்டுப் பரீட்சையில் கடைசி இரண்டு நாளும் வரவில்லை. டீச்சர் பையன்களைப் பிடித்து விசாரித்திருக்கிறார். முதலில் சிரித்தார்களாம். அப்புறம் ஒருவன் சொன்னானாம், "அது சைக்கிளு இல்ல டீச்சர். இலவச அமரர் ஊர்தி. அது வந்தா நாங்க எல்லாரும் ஒதுங்கி நின்னு கும்புடுவோம்."

அதே மாதிரி வண்டி வாங்கிய பையன்கள் அந்த எழுத்தின் மேல் நடிகர் ஸ்டிக்கரை ஒட்டிச் சமாளித்துவிட்டார்கள். இவளால் முடியவில்லை. இவள் அப்பா வீடு வந்து சேர்ந்தது அந்த ஊர்தியில்தான் அண்ணே.

நேற்று புவனேஸ்வரி வண்டியை ஏறி மிதிக்காமல், அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்து நம் கேட்டில் சாய்த்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நீங்க நல்ல மனசோடதான் குடுத்தீங்க. நாங்க குத்தம் சொல்லல. புள்ள இத பாத்தாலே சோறு எறங்காம ஒக்காந்துருது. தை பொறந்தா என்கூட முந்திரிக்கொட்டை ஒடைக்க வரட்டும், போதும் படிச்சது" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் செயின் கவரிலேயே இருந்தது. "யாரு, ஒங்க அப்பாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு இரவெல்லாம் அதே நினைவு. எழுதச் சொல்லும்போது எனக்கு ஏன் உறைக்கவில்லை? அப்பாவைக் கொண்டுவந்த வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான். பக்கவாட்டில் அதே வார்த்தை, இதேபோலக் கொட்டை எழுத்து. கொரோனாவில் விமானமே நின்றுபோயிருந்த வருஷம் அது. உங்களால் வர முடியவில்லை, யாராலும் வந்திருக்க முடியாது. அதனால் உங்களுக்கு அது மரியாதையான ஒரு வார்த்தை மட்டும்தான். அப்படியே இருக்கட்டும். நீங்கள் அதை அந்த வண்டியில் பார்க்காமல் போனதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட உண்டு.

அரசாங்க சைக்கிளிலும் முத்திரை இருக்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே முத்திரை என்பதால் அங்கே கேலி இல்லை. நம் வண்டியில் ஏறுகிறவள் ஒற்றையாக ஏறுகிறாள்.

பொங்கலுக்கு வந்து வண்டிகளைப் பார்ப்பேன் என்றீர்கள். அப்பா போன பிறகு முதல் தடவையாக வருகிறீர்கள். உங்களுக்குத் தெரியாமல் அழித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை, கேட்டுவிட்டே செய்கிறேன். உபயம் வேண்டாம். நினைவாக என்பதும், உங்கள் பெயரும், சிங்கப்பூரும் வேண்டாம். 'அமரர்' கட்டாயம் வேண்டாம். அப்பா பெயர் மட்டும், கைப்பிடிக்குக் கீழே சின்னதாக, 'வீரய்யா' என்று. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். செத்தவர் பெயரை அப்படி வெறுமனே எழுதினால் உயிரோடு இருக்கிறவர் மாதிரி ஆகிவிடும் என்பீர்கள்.

ஆகட்டுமே அண்ணே.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்தப் பிள்ளையை மறுபடி ஏற்றிவிட வேண்டும். படித்து முடித்ததும் போன் செய்யுங்கள். 'சரி' என்று மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் பேச வேண்டாம். எனக்குப் புரியும்.

உங்கள் அன்புத் தங்கை,
அன்புமொழி