மீசை எடுத்த பிறகு

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்துவிட்டு வந்தேன். எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. சாப்பிடும்போது மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கையை யாருப்பா பிடிப்பாங்க?" என்றாள். யார் பிடிக்கச் சொன்னது என்றேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஜோடி தேடுகிற செயலி ஒன்றில் எனக்குக் கணக்குத் திறந்துவிட்டாளாம்.

ஜூனில் அவள் படிக்க வெளியூர் போகவேண்டும். அவள் அம்மா வேறு வாழ்க்கை தேடிப் போய் ஏழு வருஷம். "நீங்க தனியாத்தான் இருப்பீங்கன்னா நான் போகலை" என்கிறாள். நாற்பத்தாறு வயதில் எனக்கு இது தேவையா?

மார்ச் 8, ஞாயிறு

துணிக்கடை. என் சட்டைகள் எல்லாமே எனக்கு இரண்டு அளவு பெரியவையாம். "கூடாரத்துல குடியிருக்கீங்கப்பா" என்றாள். உடை மாற்றும் அறையில் மூன்று பக்கமும் கண்ணாடி. என் பின்மண்டையை முதல்முறை பார்த்தேன். சாஸர் அகலத்துக்கு வழுக்கை. ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

மீசையை எடுத்தாயிற்று. முடிதிருத்துபவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு "யோசிச்சுச் சொல்லுங்க" என்று இரண்டு தரம் கேட்டார். பின்னால் நின்ற மகள் எனக்காகத் தலையாட்டினாள். பத்தொன்பது வயதிலிருந்து இருந்தது. மேலுதடு உரித்த கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

மார்ச் 16, திங்கள்

பதினோரு வருஷமாகப் போகிற கட்டடம். வாசல் காவலாளி என்னை நிறுத்தி, "வழக்கமா வர்றவர் இன்னிக்கு வரலையா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 11, சனி

ஐந்து வாரமாகச் செயலியில் ஒருவரும் சீண்டவில்லை. இன்று ஒரு பதில். மருந்துக்கடை வைத்திருப்பவர், கணவர் இறந்துவிட்டாராம். முதல் இரண்டு வரியை மகளே எழுதி அனுப்பினாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அவர் எழுதுவதை மகள் படித்துக் காட்டுகிறாள். "நல்லதுன்னு சொல்லு" என்கிறேன். நான் சொல்வது ஒரு வார்த்தை, அவள் தட்டுவதோ ஐந்து நிமிஷம். என்னதான் எழுதுகிறாள் — கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

நீலச் சட்டை. பளபளவென்று ஷூ. நகம்கூடச் சுத்தம். காபிக்கடையில் அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல முகம். பார்த்ததும் சிரித்தார்.

"'என் வேலையில ஏத்தமும் உண்டு, இறக்கமும் உண்டு, சம்பளம் மட்டும் நடுவுல நின்னுபோச்சு'ன்னு எழுதினீங்களே. கடையில ஆளுங்க நிக்கிறாங்கன்னுகூடப் பாக்காம சிரிச்சேன்" என்றார்.

நான் அப்படி எழுதவே இல்லை. அடுத்த சிரிப்புக்காக அவர் காத்திருந்தார். நான் லிஃப்ட் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று விளக்கினேன். கால் மணி நேரம். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். "என் வீட்டுக்காரர் கடைசியா பட்ட பாட்டை எழுதினேனே... அதை உங்க பொண்ணா படிச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நான் யார்கிட்டயும் சொன்னதில்லைங்க அதை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. எழுந்து பையை எடுத்துக்கொண்டவர், "உங்களை மோசமானவர்னு நினைக்கலை. ஆனா நான் பாக்க வந்தது உங்களை இல்லையே" என்றார்.

என்ன பொழப்புடா இது. மூஞ்சிய மாத்தியாச்சு, சட்டைய மாத்தியாச்சு. வாயத் தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்லையே. பாவம் அந்தம்மா.

வீட்டில் மகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மேசையில் கல்லூரி விண்ணப்பம், கையெழுத்துப் போடாமல். "எப்படிப்பா போச்சு?"

"நல்லாப் போச்சும்மா. அடுத்த வாரமும் வரச் சொன்னாங்க. இனிமே நானே எழுதிக்கிறேன்."

என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு பேனாவைத் தேடினாள்.

ஜூன் 7, ஞாயிறு

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். மருந்துக்கடை ஆன்ட்டியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஜூன் 28, ஞாயிறு

நான்கு மணிக்கு வீடியோ அழைப்பில் வருவாள். மூன்று மணிக்கே சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னிக்கு எங்கப்பா?"

"பூங்காவுக்கு."

"ஒரு நாள் அவங்களை எனக்குக் காட்டுங்களேன்."

"கூச்சப்படுறாங்கம்மா."

"என்கிட்டயா?" சிரித்தாள். அறைத்தோழிகள் நல்லவர்களாம். நன்றாகத் தூங்குகிறாளாம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். "சரி சரி, கிளம்புங்க. அவங்களைக் காக்க வைக்காதீங்க" என்று அவளே துண்டித்தாள்.

உடுத்தியதோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கதவைப் பூட்டினேன். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கயோ ஜோரா கிளம்பிட்டீங்க போல."

"ஆமாங்க" என்றேன்.

உடனே திரும்பினால் நன்றாக இருக்காது. இருட்டும் வரை நடந்தேன்.