கமலாவின் கட்டிக்கு இரண்டு அளவு

என் அன்பு அக்கா,

ஸ்கேன் அறையில் இருந்தது நான்கு பேர்: டாக்டர், நர்ஸ் மிஸ்ஸி, படுக்கையில் உன் மகள் கமலா, அவள் காலடியில் நான். இருக்க வேண்டியவள் நீ.

கமலாவின் சூலகத்தில் நீர்க்கட்டி. வயிற்றுக்குள் இருப்பதைத் திரையில் காட்டும் கம்ப்யூட்டர் மெஷின் இப்போது ஈப்போ ஆஸ்பத்திரிக்கும் வந்திருக்கிறது. கட்டியின் இரண்டு ஓரத்திலும் புள்ளி வைத்தால் நடுவில் உள்ள தூரத்தை அதுவே சொல்லிவிடுகிறது. மிஸ்ஸி வைத்தபோது ஐந்து சென்டிமீட்டர். டாக்டர் வைத்தபோது ஆறரை. வீட்டுக் கணக்கில் ஒரு வரி இடித்தாலே எனக்குச் சோறு இறங்காது. எது சரி என்று கேட்டேன்.

"மெஷின் கணக்கு தப்பாதும்மா. புள்ளி வைக்கிறது மனுசக் கைதானே," என்றார் டாக்டர். "தொப்புள்கிட்ட சின்னத் துளை போட்டு, லைட்டு வச்ச குழாய் விட்டுப் பார்ப்பேன். முடிஞ்சா அதுலயே எடுத்துடலாம். முடியலன்னா அப்பவே வயித்தைத் திறக்கணும். ரெண்டுக்கும் சம்மதம் வேணும்."

கமலா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "துளைன்னா சரி டாக்டர். திறக்கிறதுன்னா வேணாம்."

வீடு திரும்பும் பஸ்ஸில் மெதுவாகப் பேச்செடுத்தேன். "வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு மாவிளக்கு போடலாம். நீ கோயில்ல படுத்துக்க, வயித்து மேல வச்சு ஏத்துறேன்."

"டாக்டரு உள்ளயே லைட்டு போடுறேங்கிறாரு, நீங்க வெளிய ஏத்துறீங்களா? போதும் லா சின்னம்மா." சிரித்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்கம்மாவையும்தான் திறந்தாங்க. திரும்பி வந்தாங்களா?"

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உன் வயிறு வீங்கியபோது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரசர் கையால் அமுக்கிப் பார்த்து வாயு என்றார். அவர் கொடுத்த வெள்ளை மருந்தையே குடித்துக்கொண்டிருந்தாய். பெரியாஸ்பத்திரியில் திறந்தபோது காலம் கடந்திருந்தது.

"உங்கம்மா கத்தியால போகல புள்ள. யாரும் அளந்து பாக்காம நாள் ஓடிப்போச்சு," என்றேன்.

"அம்மா உங்ககிட்ட வந்து சொன்னாங்களா?"

நான் சொன்னது சரிதானா, அக்கா? அம்மன் முன்னால் உட்கார்ந்தாலும் மனம் அந்தத் திரைக்கே ஓடுகிறது. ஐந்தா, ஆறரையா? இவள் மனம் மாறும்வரை கட்டி காத்திருக்குமா?

அவள் சம்மதித்தால், அவள் கண் விழிக்கும்வரை ஆபரேஷன் அறை வாசலை விட்டு நகர மாட்டேன். இது சத்தியம். ஆனால் அவளைச் சம்மதிக்க வைக்க என் சொல் போதவில்லை. ஒருமுறை அவள் கனவில் போய்ச் சொல்லிவிடு. அடுத்த வாரம் டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். சீக்கிரம் பதில் சொல்.

உன் தங்கை,
உன் மகளுக்குச் சின்னம்மா